ஏகாம்பரம் அண்ணனின் முதல் கவளம்

அரக்குச் சிவப்புப் புடவை ஒன்றை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. எதிரே மெத்தையில் ஒரு கல்யாணக் கூட்டம். கைப்பேசியில் ஏகாம்பரம் அண்ணனின் மகன். "அப்பா போயிட்டாருக்கா. டீ குடிச்சிக்கினு இருந்தாரு, அப்டியே சாஞ்சிட்டாரு" என்றான். "சரிப்பா" என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. முந்தானையைப் பிரித்தேன். அது பிரிந்துகொண்டே போனது. அண்ணனின் ஊரான தாமலுக்குப் போய் முகத்தைப் பார்த்து, மாலை போட்டுவிட்டு வந்த பிறகும், கண்ணை மூடினால் நான் அந்தப் புடவையைத்தான் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் பட்டுக் கடையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். முகூர்த்த மாதங்களில் நம் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். பெண் வீட்டார் எழுந்தால்தான் நமக்குச் சோறு. அவர்களோ எழ மாட்டார்கள். மாலையில் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி சம்மணம் போட்டு உட்கார்ந்தால், வயிறு மத்தளமாகிவிடும். ஏப்பத்தை அடக்கிக்கொண்டு சிரித்தபடி "இது உங்க கலருக்கு எடுப்பா இருக்கும்மா" என்று சொல்வதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான பாடம்.

அண்ணன் வந்த பிறகுதான் மாடி அறையில் அந்த ஊறுகாய் பாட்டில் வந்தது. உள்ளே செரிமானத்துக்கான அஷ்ட சூரணம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, நெய்யில் பொரித்த பெருங்காயம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே வறுத்து, இடித்து, சலித்துக் கொண்டுவருவார். பக்குவத்தை யார் கேட்டாலும் சொல்வார், ஒளிவு மறைவு கிடையாது. ஆனால் பாட்டிலை மட்டும் கையில் தர மாட்டார். எல்லாரும் தட்டோடு உட்கார வேண்டும். அவர் ஒவ்வொருவரையும் பார்த்து, "பசிக்குதாமா?", "பசிக்குதாப்பா?" என்று கேட்பார். ஆமாம் என்றால்தான் முதல் கவளத்துக்கு ஒரு சிட்டிகை, கூடவே ஒரு சொட்டு நெய். "வயித்துக்குச் சொல்லிட்டுச் சாப்டணும்மா. சொல்லாம கொள்ளாம போனா எந்த வூட்லதான் மரியாதை கெடைக்கும்?" என்பார்.

சாப்பிட்ட பின் சுவரில் சாய்ந்து கண் மூடுவார். ஜன்னலில் ஏகாம்பரநாதர் கோபுரம் வெயிலில் மிதக்கும். அடுக்கி வைத்த புடவைகளின் நிறங்கள் சுவரில் மெல்லப் படியும். தூக்கத்திலும் அவர் கை எதையோ மடித்துக்கொண்டிருக்கும். அந்த அறையில் அந்த நேரத்தில் யாரும் உரக்கப் பேசியதில்லை. ஓமத்தின் வாசனையில் நாங்கள் எல்லோருமே பாதி தூக்கத்தில்தான் இருப்போம்.

ரசப் புடவை விஷயத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவே அவசரமாகக் கூப்பிட, அண்ணன் கையைச் சரியாகக் கழுவாமல் கீழே ஓடினார். மயில் கழுத்து நிற முகூர்த்தப் புடவையைக் கையில் வாங்கிய மணப்பெண்ணின் அத்தை, முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, பொடவைல ரசம் வாசனை வருது!" என்று கத்தினார். கடையே திரும்பிப் பார்த்தது. முதலாளி முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம். பட்டில் பெருங்காயம் ஏறினால் லேசில் போகுமா? அப்போது அந்தப் பெண், காலையிலிருந்து எதுவும் பேசாமல் பொம்மைபோல உட்கார்ந்திருந்தவள், புடவையை வாங்கி முகத்தருகே வைத்துக்கொண்டு, "பசிக்குது" என்றாள். நான்கு கடை ஏறி இறங்கியும் அவள் சாப்பிட்டாளா என்று ஒருவரும் கேட்கவில்லையாம். அண்ணன் தன் தயிர் சோற்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு அவள் அந்த ரசப் புடவைதான் வேண்டும் என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இன்னொன்று என் சொந்த விஷயம். ஒரு பங்குனியில் எனக்கு மேல் வயிற்றில் வலி. வாயு என்று நானே தீர்மானித்துக்கொண்டு, வேளைக்கு வேளை பொடி கேட்டேன். இரண்டு நாள் கொடுத்தார். மூன்றாம் நாள் பாட்டிலை மூடிவிட்டார். "தோள்பட்டைக்கு ஏறுதுன்ற, வாந்தி வருதுன்ற. இது பொடிக்கு அடங்கற வலி இல்லமா. கெளம்பு, டாக்டர் பாக்கட்டும்" என்றார். எனக்குக் கோபம். ஒரு சிட்டிகைக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று கேட்டேவிட்டேன். அவர் ஆட்டோவைக் கூப்பிட்டார். பித்தப்பையில் கல். அறுவை முடிந்து நான் சாப்பிடலாம் என்றானதும் குழைந்த ரசம் சோறு கொண்டுவந்தார். "பொடி?" என்றேன். "டாக்டரக் கேட்டுட்டுதான்" என்று சிரித்தார்.

அவர் போன பிறகு பாட்டிலின் அடியில் கொஞ்சம் பொடி மிச்சம் இருந்தது. யாரும் தொடவில்லை. எனக்குப் பக்குவம் தெரியும், புதிதாக இடித்திருக்கலாம். இடிக்கவில்லை. அது தீர்ந்தால் அவர் நிஜமாகவே போய்விடுவார் என்று பயந்தேன். இதற்கிடையில் நாங்கள் பழையபடி ஆளுக்கொரு நேரம், சிலர் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்திருந்தோம். அறையில் வெறும் புதுப் பட்டின் வாசனை மட்டும் இருந்தது.

போன வாரம் வேலைக்குச் சேர்ந்த ரூபாவுக்கு இதெல்லாம் தெரியாது. இட்லிப் பொடி என்று நினைத்து, பாட்டிலைத் தன் சோற்றில் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டாள். பில் போடும் பழனி, "ஏய்!" என்று அலறிவிட்டான். அதற்குள் பிசைந்து ஒரு வாய் வைத்த அவளுக்குக் கண்ணில் தண்ணீர். "ஸாரிக்கா, செம காரம். ஆனா நல்லா இருக்குதுக்கா. யாரு செஞ்சது?" என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது, உடனே அழுகையும் வந்தது. அவ்வளவையும் அவள் ஒருத்தி தின்றால் வயிறு எரிந்துபோகும். என் டப்பாவிலிருந்த சோற்றை அவள் தட்டில் கொட்டினேன். பழனி தன்னுடையதைக் கொட்டினான். மற்றவர்களும் கொட்டினார்கள். ரூபா பிசைந்து ஆளுக்கொரு உருண்டை கையில் வைத்தாள். வெகு நாளைக்குப் பிறகு எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அண்ணனின் கடைசிப் பொடி எங்கள் முதல் கவளமாக உள்ளே போனது. ஓமம் நாக்கில் இனித்தது. அவர் எங்கோ பக்கத்தில் சுவரில் சாய்ந்து தூங்குகிறார் என்றே எனக்குத் தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே வறுத்தேன். என் கைக்குச் சுக்கு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. அண்ணன் மன்னிப்பார். பாட்டிலைக் கழுவி, வெயிலில் காயவைத்து நிரப்பிக்கொண்டு போனேன். எல்லோரும் தட்டோடு உட்கார்ந்தார்கள். ரூபா பாட்டிலுக்குக் கை நீட்டினாள். நான் தரவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பொடியின் பக்குவம் மட்டும் அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.

"பசிக்குதாமா?" என்று கேட்டேன்.

"ரொம்பக்கா" என்றாள்.