பின்னால் வேண்டிய பாரம்

மரம் தூக்கும் கருவி வாங்க வருகிறவர்கள் மரத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள், டிராக்டரைப் பற்றித்தான் பேசுவார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று ஒரே கேள்வியைப் பத்து பேரிடம் கேட்டு, பத்து பேரிடமும் வேறு ஏதோ கேள்விக்கான பதிலை வாங்கியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். நான் வேளாண் பொறியியலில் முதுநிலை படிக்கிறேன். போன விடுமுறையில் பேராவூரணியில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். சின்ன டிராக்டரின் முன்னால் லோடர் என்று இரண்டு இரும்புக் கைகள் பூட்டுவார்கள். அந்தக் கைகளின் நுனியில் எதை மாட்டுவது என்பதுதான் எங்கள் வியாபாரம். மண் அள்ள பக்கெட் உண்டு. இரண்டு கம்பிகளாக நீளும் ஃபோர்க் உண்டு. நண்டுக் கொடுக்கு மாதிரி மேலும் கீழும் கவ்விப் பிடிக்கும் கிராப்பிள் உண்டு. இதில் தப்பாக ஒன்றை மாட்டினால் என்ன ஆகும் என்று விளக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை ஹெச்.பி.?

ஆரோக்கியசாமி ஐயா வந்தது ஒரு திங்கட்கிழமை. புயலில் குருத்து முறிந்து, அதற்குப் பிறகு தேறாமலே நின்ற தென்னைகளை வெட்டிவிட்டுப் புதுக் கன்று வைக்கப் போகிறார். வெட்டிய மரங்களைத் தோப்பின் உள்ளேயிருந்து ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். "மரம் பச்சையா, காய்ஞ்சதாங்க ஐயா? எத்தனை அடித் துண்டா வெட்டுவீங்க?" என்று கேட்டேன். "இருபத்தெட்டு ஹெச்.பி. வண்டிம்மா" என்றார். "வண்டி இருக்கட்டுங்க, மரம்." "புது வண்டிதாம்மா. போன தையில எடுத்தது." மூன்றாவது தடவை கேட்டபோது பச்சை மரம், எட்டடித் துண்டு என்று சொன்னார். வண்டியோடு வந்த பக்கெட் சும்மா கிடக்கிறது, அதிலேயே மரத்தை வைத்து, ஆள் கையால் பிடித்துக்கொண்டே கூட நடந்தால் போதாதா என்றும் கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என் அப்பா சேகர் மரம் ஏற்றும் ஆள். எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். வயல் வேலை ஓய்ந்த மாதங்களில் ஐந்து பேர் ஒரு செட்டாகத் தென்னந்தோப்புகளுக்கு வருவார்கள். போன வருடம் வேறொரு தோப்பில் அப்படித்தான் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். உருண்ட துண்டு இடது காலில் விழுந்தது. இரண்டு விரல்கள் இப்போது இல்லை. பக்கெட்டின் விளிம்பு மண் கொட்டாமல் இருப்பதற்குத்தான், உருளுகிற மரத்தை அது நிறுத்தாது, என் அப்பா சேகரின் காலே சாட்சி என்று, கடை என்பதையும் மறந்து கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சேகர் மகளா நீ? அடுத்த வாரம் எங்க தோப்புக்கு வர்றதே உங்கப்பா செட்டுதாம்மா."

சேவியர் அண்ணனின் சந்தேகம்

அதைக் கேட்ட பிறகு நான் ஃபோர்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவின் கை அந்த மரத்தில் படவே கூடாது, அவ்வளவுதான். கடையில் இருந்ததிலேயே பெரிய கிராப்பிளைக் காட்டினேன். எங்கள் வெல்டர் சேவியர் அண்ணன் அதைச் சுற்றி வந்து காலால் ஒரு தட்டு தட்டினார். "தங்கச்சி, இந்த வண்டி மரத்தைத் தூக்கவா, இந்த இரும்பைத் தூக்கவா?" என்றார். மேலே ஒரே ஒரு கவ்வு வைத்த ஃபோர்க் போதும், அது பாதி கனம்கூட இல்லை, அடுத்த வாரம் வந்துவிடும் என்றார்.

நான் விடுவேனா? தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். கம்பெனிக்காரர்கள் அச்சடிக்கிற எடை, லோடர் கையின் மூட்டில் தூக்கக்கூடிய எடை. மரம் அதற்கு முன்னால் தள்ளி உட்காரும். தள்ளத் தள்ள தூக்கும் திறன் குறையும். அதையும் கழித்தேன், கிராப்பிளின் சொந்தக் கனத்தையும் கழித்தேன். எட்டடிப் பச்சை மரம், டிராக்டரின் பின்னால் சரியான பாரம் மாட்டியிருந்தால், மயிரிழையில் தாங்கியது. தாங்கியதல்லவா, போதும் என்று தாளை அண்ணன் முன்னால் நீட்டினேன். அவர் அதை வாங்கவேயில்லை. "கணக்கு சரியாத்தான் இருக்கும். தோப்புல யாரு உன் கணக்குப்படி மரம் வெட்டுறா?"

பத்தரைக்குள்

வெள்ளிக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து கிராப்பிளைப் பூட்டினார்கள். பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கிறது, அதற்குள் வண்டி கடை வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்று முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஓட்டுநர் கணேசனிடம் சொல்ல வேண்டியதை அவசர அவசரமாகச் சொன்னேன். மரம் தரையை ஒட்டித்தான் போக வேண்டும். தூக்கிய மரத்தோடு வேகமாகத் திரும்பக் கூடாது. சீட் பெல்ட்டைக் கழற்றக் கூடாது. முன்னால் தூக்கினால் பின்னால் பாரம் இருந்தே ஆக வேண்டும். கடைசி வாக்கியத்தைத் தாளில் பெரிதாக எழுதி ஆரோக்கியசாமி ஐயா கையிலும் கொடுத்தேன்.

எந்தப் பாரம், எதில் மாட்டுவது என்று எழுதவில்லை. டிராக்டருக்குப் பாரம் என்றால் கான்கிரீட் கட்டியோ மண் நிரப்பிய டிரம்மோதான், இதைக்கூடவா எழுதுவார்கள் என்று இருந்துவிட்டேன். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். ஐயா தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பாரம்தானேம்மா. செட்டு ஆளுங்க பார்த்துக்குவாங்க."

பலகை

அடுத்த செவ்வாய்க்கிழமை கிராப்பிளுக்குப் போகும் எண்ணெய் ஓஸ் கசிகிறது என்று தோப்பிலிருந்து போன் வந்தது. சேவியர் அண்ணனோடு நானும் போனேன். வாய்க்கால் ஓரமாக வண்டி வந்துகொண்டிருந்தது. கிராப்பிளில் இருந்த மரம் எட்டடி இல்லை, பார்த்தாலே தெரிந்தது. வண்டியின் பின்னால், கலப்பை மாட்டுகிற இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஒரு பலகையைப் போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பலகையின் மேல் மூன்று பேர் நின்றுகொண்டு வந்தார்கள். நடுவில் நின்றது அப்பா.

நடவுக்கு முன்னால் சேற்றைச் சமப்படுத்தப் பரம்பு அடிப்பார்கள். பலகை அழுந்த வேண்டும் என்பதற்காக அதன் மேல் ஆள் ஏறி நிற்பது எங்கள் ஊரில் எல்லோரும் பார்த்ததுதான். சேறு எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று உள்ளங்காலாலேயே கண்டுபிடித்துச் சாய்ந்து கொடுப்பார் அப்பா. அதற்காகவே அவரைக் கூப்பிடுவார்கள். அந்த வித்தையை இங்கே கொண்டுவந்து ஏற்றியிருந்தார்கள். நான் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு நேராக ஆரோக்கியசாமி ஐயாவிடம் போனேன். மனிதரை எடைக்கல்லாக மாட்டியிருக்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். இன்னும் நிறைய கேட்டேன். பலகையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது: "அவரை ஏன் திட்டுற? யோசனை என்னுது. பரம்புல நிக்காத காலா இது?"

மூன்று பேருக்கு இடம்

மரத்தைத் தரையில் இறக்கவைத்து, மூன்று பேரையும் இறங்கச் சொன்னேன். கணேசனை அதே மரத்தை மெல்லத் தூக்கச் சொன்னேன். மரம் தரையை விட்டு எழும்புவதற்குள் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரு சாண் எழும்பின. "பாருங்க" என்றேன். அப்பா மற்ற இரண்டு பேரோடு திரும்பவும் ஏறி நின்றார். சக்கரம் மண்ணில் உட்கார்ந்தது. "நீயும் பாரு" என்றார். பரம்புப் பலகையில் வழுக்கினால் சேற்றில்தான் விழுவீர்கள், இங்கே விழுந்தால் கீழே இரும்பு, மேலே வண்டி என்றேன். விழுகிறவன் ஏறமாட்டான் என்றார். ஏன் பன்னிரண்டு அடியாக வெட்டினீர்கள் என்று ஐயாவைக் கேட்டேன். மில்லில் அந்த நீளம்தான் கேட்டார்களாம். சேவியர் அண்ணன் ஓஸை இறுக்கிக்கொண்டே இருந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை. இலகுவான ஃபோர்க்கை மாட்டியிருந்தால் இவ்வளவு பாரம் தேவைப்பட்டிருக்காது. மூன்று பேரைப் பலகையில் ஏற்றியது என் கிராப்பிள்தான். அதை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொன்னேன். சுலபமாக வரவில்லை.

நாளைக்கே மண் டிரம் செய்து கொண்டுவருகிறேன், யாரும் ஏற வேண்டாம் என்றேன். அப்பா இறங்கி, என்னைத் தனியாக ஒரு மரத்தடிக்கு அழைத்துப் போனார். முன்பெல்லாம் ஐந்து பேர் தோள் கொடுத்துத் தூக்கிய மரம். வண்டி வந்த பிறகு மரத்தைக் கிராப்பிளுக்கு வாகாகப் புரட்டிவிட ஒருவர், ரோட்டில் அடுக்க ஒருவர், இரண்டு பேர் போதும். மீதி மூன்று பேரும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று இருந்தபோது, என் தாளை ஐயா படித்துக் காட்டியிருக்கிறார். பின்னால் பாரம் வேண்டும் என்றதும் அப்பாவுக்கு உயிர் வந்திருக்கிறது. எட்டாம் வகுப்பிலிருந்து பட்டிமன்றம் பேசுகிற என்னிடமே கேட்டார்: "டிரம்ம மாட்டிட்டா எங்க மூணு பேரையும் நீ எங்க நிக்கச் சொல்லுவ?"

குழி

டிரம் செய்வது பெரிய வேலையாக இல்லை. கலப்பை மாட்டுகிற இடத்திலேயே மாட்டும்படி சேவியர் அண்ணன் ஒரு சட்டம் பற்றவைத்தார். பழைய எண்ணெய் டிரம்மில் ஈரமண்ணையும் கல்லையும் போட்டு இடித்து நிரப்பினோம். கிராப்பிளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வரப்போகிற ஃபோர்க்கைக் கொடுக்க வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டதால் அவருக்குச் சண்டை போட ஒன்றும் கிடைக்கவில்லை. சரி என்றுவிட்டார்.

புதன்கிழமை டிரம்மோடு போனபோது அப்பா பலகையிலிருந்து இறங்கவில்லை. ஆரோக்கியசாமி ஐயாவிடம் கேட்டேன்: புதுக் கன்றுக்குக் குழி யார் வெட்டப் போகிறார்கள்? மழைக்கு முன்னால் வேறு ஆள் பார்க்கணும் என்றார். பழைய தூர்களை யார் பறிப்பது? அதற்கும் ஆள் பார்க்கணும் என்றார். பார்க்க வேண்டிய ஆள் மூன்று பேர் இதோ உங்கள் வண்டிக்குப் பின்னால் நிற்கிறார்களே என்றேன். மரம் போகப் போக, காலியான இடத்தில் குழி வெட்டிக்கொண்டே வரலாமே. அவர் தோப்பைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். அப்பா அப்போதும் இறங்கவில்லை. ஐயா அதைச் செட்டு முழுவதும் கேட்கச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். ஐயாவும் சொன்னார்: "அஞ்சு பேருக்கும் கன்று வைக்கிற வரைக்கும் வேலை இருக்கு. நீ முதல்ல வண்டிய விட்டுத் தள்ளி நில்லும்மா."

சனிக்கிழமை காலை

ஃபோர்க் வந்துவிட்டது, அன்று மத்தியானம் கிராப்பிளைக் கழற்றுவதாக ஏற்பாடு. அதற்காகத்தான் காலையிலேயே தோப்புக்குப் போயிருந்தோம். கணேசன் கிராப்பிளால் தூக்கும் கடைசி மரத்தைக் கொண்டுவந்தார். பழைய வாய்க்கால் கரையில் முன்சக்கரம் ஒன்று இறங்கியது. மரத்தின் ஒரு முனை மண்ணில் குத்தி, வண்டி முன்னால் கவிழப் பார்த்தது. பின்சக்கரங்கள் இரண்டும் இடுப்பு உயரம் போயின. கிராப்பிளிலிருந்து மரம் வழுக்கி விழுந்தது. விழுந்த நொடியில் வண்டியின் பின்பக்கம் அப்படியே தரையில் வந்து மோதியது. டிரம்மின் அடி நசுங்கியது. அதை மாட்டியிருந்த இரும்பு ஆணி முறிந்து, டிரம் வாய்க்காலுக்குள் உருண்டு போய் நின்றது. கணேசன் பெல்ட் போட்டிருந்தார். இறங்கினார், ஒரு கீறல்கூட இல்லை.

குழி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். அப்பா மட்டும் நடந்து வந்தார். விரல் போன காலால் அவருக்கு ஓட வராது. டிரம் நசுங்கிய பக்கத்தைக் குனிந்து பார்த்தார். கையை வைத்துத் தடவினார். அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, குழிப்பக்கம் திரும்பினார். போகும்போது, என்னிடம் என்றுகூட இல்லை, பொதுவாகச் சொன்னார்: "பலகையில நடுவுல நின்னது நான்தான்."

லோடரில் எதை மாட்டுவது என்று நான் படித்த பாடங்களில் மரத்தின் நீளம் உண்டு, இரும்பின் கனம் உண்டு, பாரம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் தானே ஏறி நின்றுவிடுகிற என் அப்பாதான் எந்தப் பாடத்திலும் இல்லை.