பரமக்குடிக்குப் போகாத கோல்கீப்பர்

பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான, மாவட்டங்களுக்கு இடையிலான கால்பந்து. தகுதிச் சுற்றில் இரண்டு ஆட்டம். ஒன்று நம் ஊரில், மற்றது எதிரணியின் ஊரில். இரண்டிலும் போட்ட கோலைக் கூட்டி, எது அதிகமோ அந்த அணி மாநிலப் போட்டிக்குப் போகும். அங்கே தேறினால் இந்தியச் சிறுமிகள் அணிக்கான முகாம். நான்தான் கோல்கீப்பர். காரைக்குடியில் இரண்டுக்கு பூஜ்யம் என்று ஜெயித்தோம். என்னைத் தூக்கிவைத்து ஆடினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு பரமக்குடியில் மறு ஆட்டம். அன்றைக்கென்று பார்த்து எங்கள் வீட்டில் படைப்பு. பங்காளிகள் எல்லாரும் கூடி, முன்னோர்களுக்குச் சமைத்துப் படைக்கிற சடங்கு. ஒருவரும் விட்டுப்போகக் கூடாதாம். எங்களில் ஆண்களை வைத்துத்தான் குடும்பத்தைப் புள்ளி என்று எண்ணுவார்கள். பெண்பிள்ளைக்குப் புள்ளி கிடையாது. எண்ணிக்கையிலேயே இல்லாத நான் மட்டும் விட்டுப்போகக் கூடாதாம், என்ன நியாயமோ!

விளையாட்டு டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டார். என் அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம். அவர் டீச்சருக்குக் காபி கொடுக்கச் சொல்லிவிட்டு, "அதான் இங்கனயே செயிச்சிட்டாகள்ல? பெறகு எதுக்கு அங்குட்டு வேற போகணும்?" என்றார். டீச்சர் பாவம், விளக்கிப் பார்த்துவிட்டுப் போனார். நானும் காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டு ஆட்டத்தையும் எழுதிக் கூட்டிக் காட்டினேன்.

"நமக்கு அதெல்லாம் வெளங்காது ஆத்தா" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை இலை போட்டுக்கொண்டிருந்தபோது டீச்சர் போன் செய்தார். மூன்று கோல் வாங்கி, ஒன்றும் போடாமல், கூட்டலில் ஒரே ஒரு கோலில் எல்லாம் போய்விட்டது. எனக்குப் பதிலாக நின்றவள் அதற்குமுன் கோல்கம்பத்துக்கு நடுவில் நின்றதே இல்லை. மறுநாள் வகுப்பில் ஒருத்திகூட என்னோடு பேசவில்லை. ஆனாலும் அப்பச்சியைத் திட்ட மனம் வரவில்லை. பந்தைத் தொட்டே அறியாத மனுஷர், அவருக்கு என்ன தெரியும்!

பல வருடம் கழித்து, போன வருடம் அம்மாவிடம் இதை வேடிக்கைபோலச் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"அவுகளுக்கா வெளங்காது? காலேசு டீமுல ஆடுனவுகடி. நீ செயிச்சிட்டா முகாமுக்கு அனுப்பணும், பொம்பளப் பிள்ள அரைக்கால் சட்டையோட ஊரூராப் போகும்னுதான் படைப்பையே அந்த ஞாயித்துக்கெழமைக்கு மாத்துனாக."

அதுவரைக்கும் நான் அவரை, ஒன்றும் தெரியாத மனுஷர் என்று மன்னித்துவைத்திருந்தேன்.