வேணி வேலைக்குப் போகாத முகூர்த்தம்

ஆவணி முகூர்த்தத்தன்று கல்யாண வீடியோ எடுக்கிற ஆள் யாராவது வீட்டில் உட்கார்ந்திருப்பாளா? குன்னத்து வேணி உட்கார்ந்திருப்பாள். அவள் பழக்கிவிட்ட ஆள் முதன்முதலாகத் தனியாய்க் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிற நாள் என்றால், தனக்கு வந்த கல்யாணத்தையே வேறு ஆளுக்குக் கைமாற்றிவிட்டு, போனைச் சார்ஜில் போட்டுக் காத்திருப்பாள். "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. கேட்டுவிட்டுப் போகட்டும். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் இன்றைக்கு ஒற்றை ஆளாய்க் கல்யாணம் எடுக்கிற பதினோரு பேர் அவளிடம் பழகியவர்கள். அவளுக்கு வயசு முப்பத்து மூன்றுதான், அவர்களில் பாதிப்பேர் அவளைவிட மூத்தவர்கள்.

நாலு கேமரா, டிரோன், கிரேன் என்று வந்து இறங்குகிற கூட்டத்துக்கு ஒன்று தவறினால் இன்னொன்று இருக்கும். ஒற்றை ஆளுக்கு என்ன இருக்கிறது? தோளில் ஒரு கேமரா, பையில் ரெண்டு பேட்டரி. அதனால் வேணி முதலில் சொல்லித்தருவது அழகாக எடுப்பதை அல்ல.

"கெட்டிமேளம் கேட்டதும் சிவப்புப் புள்ளி எரியுதான்னு பாருங்க. பாத்துட்டு 'ஓடுது'ன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. யாரு சிரிச்சாலும் சரி, சொல்லணும்."

அன்றைக்குத் தனியாகப் போயிருந்தவர் ராஜதுரை. பூலாம்பாடிக்காரர். பதினைந்து வருஷம் மினி பஸ் ஓட்டி, முதுகுவலி தாங்காமல் நாற்பத்தாறு வயசில் கேமராவுக்கு வந்தவர். திருமானூரில் கல்யாணம். பெண் சிந்து. அவளுடைய ஒரே அண்ணன் முத்தமிழ் குவைத்தில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை. விடிந்ததும் பெண்ணின் அம்மா ராசாத்தி வந்து ராஜதுரையின் கையைப் பிடித்துக்கொண்டாளாம். "தங்கச்சி கல்யாணத்துக்கு எம்புள்ள வர முடியல தம்பி. தை மாசம் வரும்போது நீங்க எடுத்ததைத்தான் அவனுக்குப் போட்டுக் காட்டணும்."

எட்டரைக்கு வேணியின் போன் அடித்தது.

"வேணிம்மா... போச்சும்மா."

குரலைக் கேட்டதுமே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இந்தத் தொழிலில் ஆளைக் குப்புறத் தள்ளுவது அந்த ஒரு பட்டன்தான். ஒருமுறை அமுக்கினால் ஓடும், மறுமுறை அமுக்கினால் நிற்கும். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வரும்போதே ராஜதுரை அமுக்கிவிட்டார். கெட்டிமேளம் கேட்ட பரபரப்பில் இன்னொரு தடவை அமுக்கினார், நின்றுவிட்டது. மூன்று முடிச்சும் போட்டபிறகு நிறுத்துவதாக நினைத்து அமுக்க, அது ஓட ஆரம்பித்திருக்கிறது. அதற்குப் பிறகு கார்டில் இருப்பது மண்டபத்துத் தரையும் அவருடைய வேட்டிக்கரையும்.

"'ஓடுது'ன்னு சொன்னீங்களாண்ணே?"

"சொன்னேம்மா. பாக்காமச் சொல்லிட்டேன்."

வேறு நேரமாக இருந்தால் வேணி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"ஐயரைக் கேட்டு, சும்மா கட்டுற மாதிரி இன்னொரு தடவை..."

"கட்டின தாலியவா? வாயைக் கழுவுங்கண்ணே!"

"அப்ப, கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லிடவா?"

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அரியலூரில், இதே தப்பைச் செய்துவிட்டு இதே வார்த்தையைத்தான் அவளும் சொன்னாள். அவர்கள் நம்பினார்கள். "மிஷினு கெட்டா நீ என்னம்மா பண்ணுவ?" என்று அந்தப் பெண்ணின் அம்மா காப்பி வேறு கொடுத்தாள். இதுவரை யாரிடமும் சொல்லாததை வேணி இப்போது அவரிடம் சொன்னாள்.

"அந்தக் காப்பி இன்னும் என் தொண்டையிலயே நிக்குதுண்ணே. உங்களுக்கு அது வேணாம். ஜனம் கலையறதுக்குள்ள ராசாத்தியம்மாகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க. நான் போனை வைக்க மாட்டேன்."

மனுஷன் போனார். சும்மா சொல்லக் கூடாது, அதற்கு ஒரு நெஞ்சு வேண்டும். பந்தி இரைச்சலுக்கு நடுவில், "தப்பு என்னுதுதாங்க, பட்டனை மாத்தி அமுக்கிட்டேன்" என்று அவர் சொன்னது வேணிக்குக் கேட்டது. அடுத்து ராசாத்தி போட்ட சத்தமும் கேட்டது. "அடப் பாவி மனுஷா! எம்புள்ளைக்கு நான் என்னத்தைக் காட்டுவேன்?"

அதற்குள் வேணிக்கு மூளை ஓடியது.

"அண்ணே, குவைத்துல இருக்கிற அந்தத் தம்பி வீடியோ கால்ல பாத்துச்சான்னு கேளுங்க."

பார்த்திருக்கிறான். மணவறைக்குப் பக்கத்தில் அத்தைக்காரி போனைப் பிடித்தபடி நின்றிருக்கிறாள்.

"அந்தப் பக்கம் ஸ்கிரீனைப் பதிவு பண்ணி வச்சிருக்கான்னு கேளுங்க!"

வைத்திருந்தான். தங்கச்சி கல்யாணமாயிற்றே!

மறுநாள் காலையில் ராஜதுரை குன்னத்துக்கு வந்துவிட்டார். முத்தமிழ் அனுப்பியதைக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் தாலி, மாப்பிள்ளையின் கை, தலை குனிந்த சிந்து, எல்லாம் இருந்தது.

"மூலையில சின்னக் கட்டத்துல அந்தத் தம்பி மூஞ்சி வருதும்மா. அசிங்கமா இருக்கு, வெட்டிடவா?"

வேணி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அங்கே அப்போதுதான் விடிகிறது. வேலைக்குப் போகிற பஸ். தலையில் ஹெல்மெட்டோடு முத்தமிழ். கெட்டிமேளம் முழங்கியதும் மூடியிருந்த கையை விரித்தான். உள்ளே அரிசி. மெஸ்ஸிலிருந்து எடுத்து வந்திருக்க வேண்டும். போனைப் பார்த்து அதைத் தூவினான். பிறகு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வேணியும் துடைத்துக்கொண்டாள். "வெட்டாதீங்கண்ணே. கொஞ்சம் பெருசாவே வைங்க."

பத்து நாள் கழித்து, இரண்டு பேருமே திருமானூருக்குப் படத்தைக் கொண்டுபோனார்கள். ராசாத்தி முகம் கொடுத்துப் பேசவில்லை. இருந்தாலும் காப்பி கொடுத்தாள். ராஜதுரை அதை நிமிர்ந்து உட்கார்ந்து குடித்ததை வேணி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தாலி கட்டுகிற இடம் வந்தது. ராசாத்தி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். கீழ் மூலையில் விரலை வைத்தாள்.

"ஏ சிந்து, இங்க வந்து பாரு. ஒங்கண்ணன் அட்சதை போட்டுட்டான்டி."