அவசரம் லேது

எங்கள் வீட்டில் பேசத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான் என்பது முடிவான விஷயம். முடிவு செய்தவரும் அப்பாதான். காஞ்சன்பாக் பக்கம் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. மாலையில் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும், ஒரு விஷயத்தைப் பெரியவர்களிடம் எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். எடுத்த எடுப்பில் கேட்கக் கூடாது. கேட்டாலும் நெருக்கக் கூடாது. அவர்களாகவே நினைத்துச் செய்த மாதிரி இருக்க வேண்டும். அப்பா வாயைத் திறப்பதற்காகத் தொழிற்சாலையே காத்துக் கிடக்கிறது என்று நானும் தம்பியும் நம்பினோம். எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஆறு. நம்புவதற்கு ஏற்ற வயது.

அம்மாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் நாங்கள் தெலுங்கில் சண்டை போடவே கற்றுக்கொண்டுவிட்டோம். அம்மா தனியாக ஒரு தெலுங்கு வைத்திருந்தாள். தமிழ்ச் சொல்லின் வாலில் ஒரு ‘லு’வையோ ‘லேது’வையோ ஒட்டிவிட்டால் தெலுங்கு ஆகிவிடும் என்பது அவள் கண்டுபிடிப்பு. பாதி நேரம் அது சரியாகவும் இருந்துவிட்டதால் அவளைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் பள்ளிக்கூட பஸ் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் காலனிக்குள் வராது. மெயின் ரோட்டில், அதுவும் எதிர்ப்பக்கம் போய் நிற்கும். கல் ஏற்றிய லாரிகள் ஓடுகிற ரோடு. காலையும் மாலையும் அம்மாக்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு தாண்ட வேண்டும். மற்ற பிள்ளைகள் பிடித்த கையோடு வரும். தம்பி விலாங்கு மீன். எப்படிப் பிடித்தாலும் நழுவிவிடுவான். அம்மா ராத்திரியில் ‘பிடி, பிடி’ என்று தூக்கத்தில் உளறியதுகூட உண்டு.

ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து அப்பாவிடம் சொன்னாள். “நம்ம காலனிக்கு ரெண்டு கேட் இருக்கில்லா. பஸ்ஸு இந்தக் கேட்டுல நொழஞ்சு அந்தக் கேட்டுல வெளிய போனா என்ன? டிரைவருக்கும் வண்டியத் திருப்புத வேல மிச்சம். நீங்க செகரட்டரிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன்.”

காலனிச் சங்கத்தின் செயலாளர் அப்பாவின் தொழிற்சாலையிலேயே அவருக்கு மேலே இருந்தவர். அப்பா யோசித்தார். “நான் கேட்டா அது ஆபீஸ் விஷயமாயிரும். நீ கேளு, வீட்டு விஷயமா இருக்கும்” என்றார். பிறகு உற்சாகமாகி வழிமுறையும் சொல்லிக் கொடுத்தார். “மொதல்ல நலம் விசாரி. பெறவு விஷயத்தச் சொல்லு. கடேசில, அவசரம் ஒண்ணுமில்ல, மெதுவாப் பாத்துச் செய்யுங்கன்னு ஒரு வார்த்த போட்டுட்டு வந்துரணும். அந்த ஒரு வார்த்ததான் வேலைய முடிக்கும்.”

துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா போனாள். செயலாளர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி உட்காரச் சொன்னார். அம்மா நலம் விசாரித்தாள். பஸ் உள்ளே வர வேண்டும், பிள்ளைகள் ரோட்டைத் தாண்டுகிறார்கள் என்று தன் தெலுங்கில் நன்றாகவே சொன்னாள். இரண்டு கேட்டையும் கையால் காற்றில் வரைந்து காட்டினாள். செயலாளர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்கே தெரிந்தது. அப்போது அம்மா எழுந்து, கும்பிட்டு, அப்பா சொன்ன அந்த வார்த்தையைப் போட்டாள்.

“கானி, அவசரம் லேதண்டி.”

செயலாளர் முகத்தில் ஒரு நிம்மதி. “அவசரம் லேதா? சரேண்டி” என்று பேப்பரை மறுபடி எடுத்துக்கொண்டார்.

தமிழில் அவசரம் என்றால் எல்லோருக்கும் தெரியும். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. ‘ஆனால், தேவையில்லை’ என்று அம்மா சொன்னாள். தேவையில்லையா, சரி என்று அவர் சொன்னார். அவசரமில்லையா, சரி என்று அவர் சொன்னதாக அம்மா எடுத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தாள். இன்றைக்கு இப்படிப் பிரித்துச் சொல்ல முடிகிறது. அன்றைக்கு எனக்கு ஒரே குழப்பம். எனக்குத் தெலுங்கு தெலுங்காகவே காதில் விழும், தமிழ் தமிழாகவே விழும். ஒரு வீட்டுக்குப் போய், பஸ் வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்ன அம்மா, கிளம்பும்போது எதற்காகத் தேவையில்லை என்கிறாள்? எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் காபி வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு தம்ளர் குடிப்பார்களே, அந்த மாதிரி ஏதோ மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் வரவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் இன்றைக்கு வந்துவிடும் என்று அம்மா கேட்டருகே நின்று பார்ப்பாள். “பெரிய காரியம்லா, மெதுவாத்தான் நடக்கும்” என்றார் அப்பா. தீபாவளிக்கு அம்மா முறுக்கும் அதிரசமும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மறந்துவிடப் போகிறார்களே என்று பஸ்ஸைப் பற்றி ஞாபகப்படுத்தினாள். நெருக்குவது போல ஆகிவிடக் கூடாதே என்று, “அவசரமே லேது” என்று அழுத்தியும் சொன்னாள். செயலாளர் வீட்டு அம்மாள் அதிரசத்தையும் பார்த்தார், அம்மாவையும் பார்த்தார். பலகாரம் கொண்டுவந்து கொடுத்து, ஒரு காரியத்தைச் செய்யாதே என்று கேட்டுக்கொள்கிறவளை அவர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்.

பிறகு பஸ் நிற்கிற இடத்தில் அம்மாவோடு யாரும் சரியாகப் பேசவில்லை. அம்மா வந்தால் பேச்சு நிற்கும். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. பக்கத்து பிளாக் சிநேகிதி ஒருத்தி பஸ்ஸுக்குள் எனக்குச் சொன்னாள். பஸ்ஸை உள்ளே விடச்சொல்லி மற்றவர்களும் கேட்டார்களாம். தமிழ் அம்மா வந்து வேண்டாம் என்கிறாளே, அதுவும் இரண்டு தடவை, என்று செயலாளர் விட்டுவிட்டாராம். “மீ அம்மே ஒத்தந்தண்டா” என்றாள். உன் அம்மாதான் வேண்டாமென்றாளாம். நான் அவளோடு சண்டை போடவில்லை. அம்மா அப்படிச் சொன்னதை நான்தான் என் காதால் கேட்டிருந்தேனே.

அதற்கு அடுத்த நாளோ என்னவோ, சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கித் தாண்டும்போது தம்பி கையை உருவிக்கொண்டு ஓடினான். ஒரு லாரி கிறீச்சிட்டு நின்றது. “கைக்கு சோட்தே பச்சே கோ?” என்று டிரைவர் கத்தினார். பிள்ளையை ஏன் விடுகிறாய் என்று. தம்பிக்கு ஒன்றுமில்லை. அவன் தண்ணீர் பாட்டில் மட்டும் சக்கரத்தடியில் தட்டையாகக் கிடந்தது. அம்மா அவனை அடிக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை, தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சிநேகிதியின் அம்மா, பக்கத்து பிளாக் ஆன்ட்டி, கிட்டே வந்தார். கோபமும் இருந்தது, இரக்கமும் இருந்தது. “இப்புடைனா அவசரம் உந்தா?” என்று கேட்டார். இப்போதாவது தேவை என்று தெரிகிறதா என்று அர்த்தம்.

வீட்டுக்குப் போக அவசரமா என்று கேட்கிறார், பாவம், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். “லேது, லேது” என்றாள். “அவசரம் லேது.”

ஆன்ட்டி கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். இத்தனை கல்நெஞ்சுக்காரியா இவள் என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது. எல்லோரும் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்களை விட்டுத் தள்ளிப் போனார்கள். எனக்கு அழுகை வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

மர்மத்தை உடைத்தவர் தள்ளுவண்டிக் காய்காரர். மறுநாள் அம்மா கத்தரிக்காய் பொறுக்கித் தட்டில் போட்டாள். அதற்குள் இன்னொரு அம்மாள் பையை நீட்டவே, அவங்களுக்கு முதலில் போடுங்கள், எனக்கு ஒன்றும் அவசரமில்லை என்கிற தாராளத்தில், “அவசரம் லேது” என்றாள். காய்காரர் அந்த அம்மாளுக்குப் போட்டுக் கொடுத்தார். அம்மாவின் தட்டிலிருந்த கத்தரிக்காயை வண்டியிலேயே கொட்டிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போயே போய்விட்டார்.

அம்மா வெறும் பையோடு நின்றாள். “ஏட்டி, அவசரம்னா தெலுங்குல என்னட்டி?”

“வேணுங்கறது.”

“அப்ப அவசரத்துக்கு என்ன?”

“தொந்தர.”

“அது தொந்தரவுல்லா?”

“இல்லம்மா. தொந்தரன்னா சீக்கிரம்.”

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கப் போகிறாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. ஒவ்வொரு தடவையாக எண்ணிப் பார்க்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. முதல் தடவை, தீபாவளி, நேற்று. நேற்று என்கிற இடத்துக்கு வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்படியே எழுந்து செயலாளர் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். இந்தத் தடவை நலம் விசாரிக்கவில்லை, உட்காரவில்லை. “பஸ்ஸு லோபல ராவாலி. சாலா அவசரம். சாலா தொந்தர” என்றாள். பஸ் உள்ளே வர வேண்டும், மிகவும் தேவை, மிகவும் சீக்கிரம். தமிழ்க் காதுக்கும் அது நல்ல அதட்டலாகத்தான் இருந்தது.

“மீரே கதா அவசரம் லேது அன்னாரு?” என்றார் செயலாளர். நீங்கள்தானே தேவையில்லை என்றீர்கள்?

தமிழில் அப்படி இல்லை என்று அம்மா விளக்கப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் விளக்கவில்லை. “அப்புடு லேது. இப்புடு உந்தி” என்று முடித்துவிட்டாள். அப்போது இல்லை, இப்போது இருக்கிறது.

அடுத்த வாரமே பஸ் ஒரு கேட்டில் நுழைந்து மறு கேட்டில் வெளியே போனது. திருப்புகிற வேலை மிச்சம்தானே என்று அம்மா கேட்டதற்கு ‘ஹவ்’, ஆமாம், என்று ஒரே சொல்லில் ஒப்புக்கொண்ட டிரைவரைத் தவிர வேறு யாரும் அம்மாவைப் பாராட்டவில்லை. தன் பிள்ளை லாரியில் அடிபடப் பார்த்த பிறகுதான் இவளுக்குப் புத்தி வந்தது என்று காலனியில் பேச்சு. யோசனையே அவளுடையது என்று ஒருவருக்கும் தெரியாது.

வீட்டில் கதை வேறாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் வந்திருந்தார். “எங்க வீட்லயே பாருங்க” என்று அப்பா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “அவசரம் இல்லன்னு ஒரே ஒரு வார்த்த போடச் சொன்னேன். நெருக்கல, சண்ட போடல. பஸ்ஸு உள்ள வந்துட்டு. யோசன பெருசில்ல, அதச் சொல்லுத முறதான் பெருசு.”

“காது நான்னா” என்று நான் தெலுங்கில் ஆரம்பித்தேன். அப்படி இல்லை அப்பா.

“ஏட்டி, உள்ள போயி சீனி டப்பாவ எடுத்துட்டு வா” என்றாள் அம்மா. காபியில் சீனி போட்டாயிற்று என்று எனக்குத் தெரியும். போட்டதே நான்தான். டப்பாவோடு திரும்பி வந்தபோது பேச்சு கிரிக்கெட்டுக்குப் போயிருந்தது.

அடுக்களையில் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை, அந்த ஆன்ட்டிகளிடமாவது சொல்லக் கூடாதா, உன்னைத்தானே திட்டுகிறார்கள் என்றேன்.

“திட்டட்டும். பிள்ளைக இனி ரோட்டத் தாண்டாண்டாம்லா” என்றாள். அப்பாவைப் பற்றிக் கேட்டதற்குத் தம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. தப்பான ஒன்றைச் சரி என்று நினைத்து ஒருவர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போது சும்மா இருப்பது பொய்தானே என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார்.

ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பதுதான். ஆபீஸில் பிசகில்லாத ஆங்கிலத்தில், ஒரு சொல்கூடத் தவறாமல் பேசியும், ஒருவர் பேச்சு வருஷக்கணக்கில் யார் காதிலும் ஏறாமல் இருக்க முடியும் என்பது தெரியாது. அது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்பா ஓய்வுபெற்றபோது நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பிரிவு உபசாரக் கூட்டத்தில் மூன்று அதிகாரிகள் பேசினார்கள், ஆங்கிலத்தில், தெலுங்கில், ஹிந்தியில். அம்மாவுக்கு அதற்குள் மூன்றும் புரியும். அப்பா சொல்லி நடந்த காரியம் என்று ஒன்றையாவது யாராவது எடுத்துச் சொல்வார்கள் என்று நானும் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். மூன்று பேருமே ஒன்றைத்தான் சொன்னார்கள். இவர் யாரையும் எதற்கும் ஒருநாளும் நெருக்கியதே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா கும்பிட்டபடி நின்றார்.

ஆட்டோவில் திரும்பி வந்தோம். மாலை அப்பா மடியில் கிடந்தது. வெகுதூரம் வந்த பிறகு அம்மா சொன்னாள்.

“காலனிக்குள்ள பஸ்ஸு வந்ததே ஒங்களாலதான். அத ஒருத்தனாவது சொன்னானா பாருங்க.”

அப்பா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.