கெரான் வந்த கதை

மலாக்காவில் கெரான் என்ற சொல்லை யோசிக்காமல் யாரும் வாயில் எடுக்கக் கூடாது. மலாய்ச் சொல்தான், ஆனால் நம் ஆட்கள் வாயில் அது புழங்கிப் புழங்கித் தமிழாகவே ஆகிவிட்டது. வீட்டு நிலத்தின் பட்டாவுக்கும் கெரான். காரோ மோட்டார் சைக்கிளோ யாருடையது என்று காட்டுகிற பத்திரத்துக்கும் கெரான். அரசாங்கமோ அறக்கட்டளையோ சங்கங்களுக்குக் கொடுக்கும் மானியத்துக்கும், பார்த்துக்கொள்ளுங்கள், அதே கெரான்தான். ஒரே சொல்லை மூன்று இடத்தில் கட்டிவைத்த மகராசன் எவனோ, அவனை ராகினி இன்றைக்கும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். திட்டுகிறபோது தன்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறாள்.

ராகினிக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. பத்தாங்கட்டைத் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டிய குடும்பம். மலாக்கா டவுனில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தவள். அவள் அம்மாவுக்கு இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி. காலில் ஆணி ஏறியதே அம்மாவுக்குத் தெரியவில்லை. புண் உள்ளுக்குள்ளேயே அழுகி, கடைசியில் காலை எடுத்தார்கள். காலை எடுத்தும் உயிர் நிற்கவில்லை. கிளினிக்கில் நாள் முழுக்க ஊராருக்கு மருந்து கொடுத்துவிட்டு, வீட்டில் அம்மாவின் பாதத்தை ஒரு நாள் திருப்பிப் பார்க்கவில்லையே என்று அவளுக்கு மனசு ஆறவில்லை. வேலையை விட்டாள். பாயா ரும்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் அறை எடுத்து, நல்வாழ்வுச் சங்கம் என்று பலகை மாட்டினாள். "ஊர்ல உள்ளவங்க காலைக் கழுவுறதுக்கா உன்னைப் படிக்க வெச்சாங்க?" என்று சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

தோட்டத்து ஆட்களின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடுவது சங்கத்தின் ஒரு வேலை. இன்னொன்று வேன். சிறுநீரகம் போனவர்கள் வாரம் மூன்று தடவை டவுனுக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். போகாவிட்டால் உடம்பு ஊதும், மூச்சு முட்டும், அப்புறம் ஆள் இருக்காது. அவ்வளவுதான் கணக்கு. சாப்பாட்டுக்கடை முதலாளி ஒருவர் தானமாகக் கொடுத்த பழைய வேனில், முன்பு லாரி ஓட்டிய கணேஸ்வரன், ஆட்களை வீட்டு வாசலில் ஏற்றி வாசலிலேயே இறக்கிவிடுவான். அந்த வேனுக்குத்தான் இப்போது மூச்சு வாங்கியது. பட்டறைக்காரன் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மேல இதைப் போட்டுப் பாடுபடுத்தாதீங்கக்கா" என்று மூடிவிட்டான்.

அதிலிருந்து ராகினி மனுப் போடாத கம்பெனி இல்லை, தட்டாத கதவு இல்லை. ஒருத்தர் இந்த வருஷம் மரம் நடுகிறோம் என்றார். இன்னொருத்தர், உங்கள் திட்டம் எங்கள் உதவி முடிந்த பிறகும் எப்படி நிலைத்து நிற்கும் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். ஐயோ சாமி, நிலைத்து நிற்கிற உடம்பாக இருந்தால் அவள் ஏன் வேன் ஓட்டுகிறாள்? கடைசியில் கோலாலம்பூரிலிருந்து ஓர் அறக்கட்டளை தலையசைத்தது. ஒரே நிபந்தனை: சங்கம் கேட்டால் போதாது, அந்த மக்களே கூடி, கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும். பிறகு அவர்களே நேரில் வந்து பார்ப்பார்கள்.

பத்தாங்கட்டைத் தோட்டம் இப்போது பெயரில்தான் தோட்டம். எப்போதோ ஒரு வீடமைப்புக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். சுற்றிலும் மாடி வீடுகளும் கடைகளும் எழும்பிவிட, நடுவில் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த ஒரு லயம் மட்டும் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக மிச்சம் நிற்கிறது. அங்கே இருக்கிற குடும்பங்களுக்கு ஆளுக்கொரு வீடு தருவதாகக் கம்பெனி வாயால் சொன்னது. வாயோடு சரி. தேர்தலுக்குத் தேர்தல் பாத்தேக் சட்டை போட்ட கட்சிக்காரர்கள் வந்து, "கெரான் வந்துரும், கவலைப்படாதீங்க" என்று தோளைத் தட்டிவிட்டு, பிரியாணிப் பொட்டலமும் கொடுத்துவிட்டுப் போவார்கள். தோட்டத்தில் பிறந்த ராகினிக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்தும் நாக்குப் புரண்டதுதான் விதி. வாரக்கணக்காக மலாய் மனுக்களையே நிரப்பி நிரப்பி, கெரான் கெரான் என்று எழுதி எழுதி, மானியம் என்ற சொல்லே அவள் வாய்க்கு மறந்துபோயிருந்தது.

கூட்டம் மாரியம்மன் கோயில் கொட்டகையில் நடந்தது. பாதியில் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ராகினி தொண்டை கிழியக் கத்தினாள்: "நீங்களே கேட்டாத்தான் கெரான் குடுப்பாங்களாம்! எல்லாரும் பேர் எழுதிக் கையெழுத்துப் போடுங்க! கெரான் கிடைச்சா நம்ம கவலையெல்லாம் தீர்ந்துரும்!" வேனைப் பற்றியும் சொன்னாள். அது மழையோடு போயிற்று.

முதலில் எழுந்து வந்தவர் பெரியதம்பி. அந்தக் காலத்தில் தோட்டத்து லாரியில் பால் ஏற்றியவர். எழுபது தாண்டியும் முதுகு வளையாத மனுஷன். அவர் மனைவி இருசம்மாள்தான் லயத்திலிருந்து ரத்தம் சுத்தம் பண்ணப் போகிறவர்களில் மோசமான நிலையில் இருப்பவள். ராகினிக்குச் சின்ன வயதிலிருந்தே அவர் மாமா, அவள் அத்தை.

"புள்ள, ஜொகூர்ல இருக்கிற மவன் பேரையும் சேர்த்துக்கலாமா?" என்று காதருகே கேட்டார் பெரியதம்பி.

"சேருங்க மாமா. பேர் கூட இருந்தா நல்லதுதான்."

ஆள் கூடினால் மனுவுக்குப் பலம் என்று அவள் நினைத்தாள். அவர் நினைத்தது வேறு. வந்தவர்கள் எல்லோரும் பழைய தண்ணீர் பில்லும் விளக்கு பில்லுமாகக் கொண்டுவந்து நீட்டியபோதாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். முகவரிக்கு ஆதாரம் போலிருக்கிறது, நம் ஆட்கள் எவ்வளவு விவரமாகிவிட்டார்கள் என்று பூரித்துப்போனாள், பாவி.

அதன் பிறகு ஒரு நாள் கட்டுப் போட லயத்துக்குப் போனபோது, பெரியதம்பி முன்சுவருக்கு நீல வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, தீபாவளி இப்பவே வந்துருச்சா?"

"பார்க்க ஆள் வராங்கல்ல? வீடு வீடு மாதிரி இருக்க வேணாமா?"

உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த இருசம்மாள், "இந்தக் கிழவன் நேத்து ராத்திரி தூங்கவே இல்ல புள்ள, வேலி எங்க போடறதுன்னு கேட்டுக்கிட்டே கெடந்தாரு" என்று சிரித்தாள். ராகினியும் சிரித்தாள்.

அறக்கட்டளை அதிகாரி வந்த அன்று லயம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. கோலம், மாவிலை, ரோஸ் சிரப் தண்ணீர். அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி, தங்கமான குணம். செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய், முதியவர்களின் கையைப் பிடித்துப் பேசினாள். பெரியதம்பியின் வாசலுக்கு வந்ததும், அவர் சட்டைப் பொத்தானைச் சரிபண்ணிக்கொண்டு, இத்தனை வருஷம் மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்த்த கேள்வியை மலாயில் கேட்டுவிட்டார். எங்க கெரான் எப்ப ஆகும் அம்மா?

அந்தப் பெண்மணிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அதைச் சொல்லத்தானே அவளும் வந்திருந்தாள்.

"கெரான் சுடா லூலுஸ், பக்சிக்!"

கெரான் பாஸாகிவிட்டது, பெரியவரே. ராகினிக்கு அப்பாடா என்று உடம்பே லேசானது. வேன் வந்துவிட்டது, மாரியாத்தா, வேன் வந்துவிட்டது என்று கண்ணை மூடிக் கும்பிட்டாள். திறந்து பார்த்தால், பெரியதம்பி குனிந்து வாசல் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். யாரோ குலவையிட்டார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற இருசம்மாள், போனில் ஜொகூரில் இருக்கும் மகனிடம் கத்தினாள்:

"வந்துருடா ராசா! வீடு நம்மளுதாயிருச்சு! இனிமே எவனும் எழுந்து போன்னு சொல்ல முடியாது!"

ராகினிக்கு அப்போதுதான் உறைத்தது. கோயில் கொட்டகை, மழை, தண்ணீர் பில், நீல வண்ணம், வேலி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மண்டையில் விழுந்தன. வாயைத் திறந்தாள். அதற்குள் அதிகாரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோரும் சேர்ந்து நில்லுங்கள் என்று போனைத் தூக்கிப் பிடித்துவிட்டாள்.

இப்போது சொன்னால் என்ன ஆகும்? இவர்கள் வேன் கேட்கவே இல்லை என்று அதிகாரிக்குத் தெரிந்துவிடும். போட்ட கையெழுத்தெல்லாம் செல்லாது என்பார்கள். வேன் போகும். வேன் போனால் அத்தை போவாள். ராகினி வாயை மூடிக்கொண்டாள். இருசம்மாளின் தோளில் கையைப் போட்டு, போனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

கார் முனை திரும்பிப் போன பிறகு சொன்னாள். எப்படிச் சொன்னாள், என்ன சொன்னாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை. குலவை போட்ட பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். பெரியதம்பி மட்டும் அசையாமல் நின்றார்.

"அப்ப நாங்க கையெழுத்துப் போட்டது வேனுக்கா?"

"ஆமா மாமா. அத்தைக்கு..."

"உன் அத்தைக்குச் சாவு வர்றப்ப வரட்டும். சாவுறதுக்கு ஒரு வீடு வேணாமா புள்ள?"

"நான் தப்பாச் சொல்லிட்டேன் மாமா. வாய் தவறிப் போச்சு."

"வாய் தவறுனது சரி, மனுஷ வாய்தானே. ஆனா அந்தம்மா இங்க நிக்கிறப்பவே உனக்குத் தெரிஞ்சு போச்சுல்ல? அப்பவே சொல்லியிருந்தா, எங்களுக்கு வேண்டியது இதும்மா, வீடும்மான்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்ல? என் காலத்துல இந்த வாசலுக்கு அந்த மாதிரி ஆள் இன்னொரு தடவை வருமா?"

 அறக்கட்டளையால் நிலம் தர முடியாது மாமா என்று ராகினி சொல்ல நினைத்தாள், அது உண்மையும்தான். ஆனால் கேட்க விடாமல் அடைத்தவள் வாயிலிருந்து வரும்போது அந்த உண்மைக்கு மதிப்பு ஏது?

புது வேன் வந்தது. வெள்ளை நிறம், நல்ல குளிர், சாய்ந்துகொள்ள வசதியான இருக்கை. முதல் நாள் விடியலில் கணேஸ்வரன் லயத்து முன்னால் நிறுத்தி ஹாரன் அடித்தான். ஒரு கதவும் திறக்கவில்லை. பெரியதம்பி மட்டும் வெளியே வந்து, வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்குக் கெரான் இருக்கா?"

"இருக்கு மாமா," என்றாள் ராகினி.

"யார் பேர்ல?"

"சங்கத்துப் பேர்ல."

"ம். இந்தத் தகர வண்டிக்குக்கூட கெரான் இருக்கு."

பின்பக்கம் போய்த் தன் கப்சாயை, அந்தச் சின்ன மோட்டார் சைக்கிளை, தள்ளிக்கொண்டு வந்தார். தோட்டத்துச் சம்பளத்தில் வாங்கிய பழைய மோட்டார். இருசம்மாளைப் பின்னால் உட்காரவைத்து, அவள் இடுப்பைத் தன் இடுப்போடு சேர்த்து ஒரு கைலியால் கட்டினார். ராகினி ஓடிவந்து, "மாமா, கோவம் என் மேல. அத்தைய ஏன் வதைக்கிறீங்க?" என்று கெஞ்சினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மோட்டார் கிளம்பிவிட்டது.

"பின்னாலயே போ கணேசு," என்றாள் ராகினி, வேனில் ஏறி.

காலியான வேன், மோட்டாருக்குப் பின்னால் ஊர்ந்தது. சாலை முழுக்க வேலைக்குப் போகிற வண்டிகள். ஒவ்வொரு விளக்குச் சந்திப்பிலும் இருசம்மாள் ஒரு பக்கமாகச் சாய்வாள். பெரியதம்பி ஒரு கையைப் பின்னால் விட்டு அவளை நிமிர்த்துவார். 

"அக்கா, பின்னால வரவனெல்லாம் ஹாரன் அடிக்கிறான் லா. முந்திக்கிட்டுப் போய் அங்க நிப்போமா?"

"அடிக்கட்டும். நீ முந்தாத."

மூன்று தடவையும் அப்படியே போய், அப்படியே வந்தார்கள். அந்த வாரம் ராகினி சாப்பிட்டதும் இல்லை, தூங்கியதும் இல்லை. அடுத்த வாரம் வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், இருசம்மாள் சிகிச்சை முடிந்து, பஞ்சு வைத்துக் கட்டிய கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். உடம்பில் இருந்த கொஞ்ச நஞ்சத் தெம்பையும் மிஷினிலேயே விட்டுவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள். பெரியதம்பி மோட்டாரை அருகில் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் காலைத் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. மறுபடியும் தூக்கினாள். அவர் மோட்டாரைச் சாய்த்துக் கொடுத்தார், அப்போதும் முடியவில்லை. அவர் வேன் பக்கம் திரும்பவே இல்லை. கைலியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். முதுகு வளையாத அந்த மனுஷனின் தோள் அன்றைக்குத்தான் குலுங்கியது.

இருசம்மாள் அவர் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, மெல்ல மெல்ல நடந்து வேனுக்கு வந்தாள். ராகினி குதித்து இறங்கினாள்.

"கதவைத் தொற புள்ள," என்றாள் இருசம்மாள். "கெரான் இல்லாத வீட்டுக்குத்தான் போகணும். கொண்டு போயி விடு."

ராகினி அவளை அணைத்து ஏற்றி, இருக்கையைச் சாய்த்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனது.

"நான் அப்பவே சொல்லியிருக்கணும் அத்தை."

"ஆமா," என்றாள் இருசம்மாள், மூடிய கண்ணைத் திறக்காமல். "சொல்லியிருக்கணும்."

 பின்னால் பெரியதம்பியின் மோட்டார் வந்துகொண்டிருந்தது. லயம் வருகிற வரைக்கும் அவர் முந்தவே இல்லை.