சுரக்குடி மதகடியில் செத்துப் பிழைத்த ராஜாங்கம்

கும்பகோணத்தில் யாரிடமாவது ‘ஞாயிற்றுக்கிழமை காரைக்கால் பக்கம் போகிறேன்’ என்று சொன்னால் அடுத்த கேள்வி ஒன்றுதான்: சனீஸ்வரனா, சரக்கா? நான் இரண்டுக்கும் போகவில்லை. பேய் பார்க்கப் போனேன்.

என் கல்லூரித் தோழி ரேவதி சினிமாவில் விளம்பரப் பொறுப்பில் இருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன்னால் ‘ஏழாம் மதகு’ என்று ஒரு சண்டைப் பேய்ப்படம் எடுத்தார்கள். தியேட்டரில் ஒரு வாரம் தாங்கவில்லை. பிறகு கைப்பேசியில் பார்த்தே ஜனங்கள் அதைப் பிரபலமாக்கிவிட்டார்கள். இப்போது இரண்டாம் பாகம். திருநள்ளாறு பக்கத்தில் சுரக்குடியில் படப்பிடிப்பு நடக்கிறது, வந்து பார்த்து உன் வலைப்பதிவில் எழுது என்று நச்சரித்தாள். பேய்ப்படம் என்றால் நான் பாட்டு வரும்போது மட்டும் கண்ணைத் திறப்பவள். இருந்தாலும் ஆடி மாதக் கடைசி ஞாயிறன்று கிளம்பிவிட்டேன்.

காலை 6.10க்குக் கும்பகோணத்தில் காரைக்கால் பேருந்து. திருநள்ளாற்றுக்கு 48 ரூபாய். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், வெயில் படாது என்று ஒருவர் சொல்லி உட்காரவைத்தார். வெயில் முழுவதும் என் மேல்தான் அடித்தது. 7.35க்கு அம்பகரத்தூர். காளி கோயிலுக்கு இறங்குகிற கூட்டத்துக்காக வண்டி ஐந்து நிமிடம் நின்றது. எதிரே சுவரில் புதிதாக ஒட்டிய சுவரொட்டி: ‘கண்ணீர் அஞ்சலி. ராஜாங்கம், சுரக்குடி.’ மாலை போட்ட படத்துக்குள் பெரிய மீசையோடு ஒரு மனிதர், ஐம்பது வயது இருக்கும், சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடைச் சுவரிலும் அவரே. நல்ல முகம், இந்த வயதில் போயிருக்க வேண்டாம் என்று உச்சுக் கொட்டிக்கொண்டேன்.

7.55க்குத் திருநள்ளாறு. அங்கிருந்து சுரக்குடி மதகுக்கு ஆட்டோவில் 80 ரூபாய், மூன்று கிலோமீட்டர் சொச்சம். ஆட்டோக்காரர் வழியெல்லாம் படக்கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். “மொதப் பாகத்துல மதகுக் காவக்காரரு செத்துருவாருல்ல, அவருதாங்க இதுல பேயி. ஆனா நல்ல பேயி. தண்ணி திருடுறவங்களப் போட்டு வெளுப்பாரு” என்றார். கதை எனக்குப் பிடித்துப்போயிற்று.

வாய்க்கால் கரையில் லைட்டுகளும் கயிறுகளும் ஒரு கிரேனும் நின்றன. ரேவதி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “டீ குடி, வா” என்று இழுத்துப் போனாள். டீக் கேனுக்குப் பக்கத்தில் முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு, நெற்றியில் ரத்தம், பெரிய மீசையோடு அம்பகரத்தூர் சுவரில் பார்த்த மனிதர் உட்கார்ந்து டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தார்.

நான் போட்ட அலறலில் கிரேன்காரர் கீழே இறங்கிவிட்டார். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

“பயப்படாதீங்கம்மா, நான் ஆளுதான்” என்றார் ராஜாங்கம். அவர் இதே ஊரில் நெல் விவசாயம் செய்பவர். முதல் பாகத்தில் கூட்டத்தில் நிற்க வந்தவரை இயக்குநர் காவல்காரராக்கிவிட்டார். வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார் என்று படத்திலும் அவருக்கு ராஜாங்கம் என்றே பெயர். அந்தப் படம் ஓடியதே அவர் சாகிற காட்சிக்காகத்தான்.

நான் சுவரொட்டியைப் பற்றிச் சொன்னதும் ரேவதியின் முகம் பேயைவிட வெளுத்தது. அது அவளுடைய யோசனை. மேலே கண்ணீர் அஞ்சலி, அதன் கீழே தனித் துண்டாக ‘கவலை வேண்டாம், திரும்பி வருகிறார். ஏழாம் மதகு 2’ என்று ஒட்ட வேண்டும். சினிமாச் சுவரொட்டியில் தியேட்டர் பெயரைத் தனித் துண்டாக ஒட்டுவார்களே, அதே மாதிரி. துண்டு அச்சாகி வரத் தாமதமானதால், ஒட்டுகிறவர்கள் மேல் தாளை மட்டும் முந்தின நாள் ராத்திரி ஒட்டிவிட்டு, துண்டைக் காலையில் ஒட்டிக்கொள்ளலாம் என்று போய்விட்டார்கள். காலையிலிருந்து அம்பகரத்தூருக்கு அவர் செத்தவர்.

ராஜாங்கம் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, “அம்பகரத்தூர்லயா ஒட்டுனீங்க? எந் தங்கச்சி வீடு அங்கதான்” என்றார்.

தங்கை பெயர் மல்லிகா. மூன்று வருடத்துக்கு முன்னால் அவருடைய மூத்த மகள் கல்யாணம். தாய்மாமன் சீரோடு வந்து மாலை போட்டுப் பெண்ணை மணவறைக்கு அழைத்துப்போக வேண்டும். அன்று விடியற்காலையில் ஒரே ஒரு ஷாட் என்று சொல்லி இவரைச் சேற்றில் பிணமாகப் படுக்கவைத்தார்கள். மேகம் வந்தது, போனது, மறுபடி வந்தது. எழுந்தால் சேறு கலைந்துவிடும் என்று இவரும் அப்படியே கிடந்தார். மண்டபத்துக்குப் போனபோது பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

“‘உஞ் சாவுக்குக்கூட வரமாட்டேன்’னுட்டா. அன்னைக்கோட பேச்சு நின்னுது. எந் நம்பரு, எஞ் சம்சாரம் நம்பரு எல்லாத்தையும் பிளாக் பண்ணி வச்சுருக்கா. ஆவணியில சின்னவளுக்குக் கல்யாணம். அதுவும் மத்தவங்க சொல்லித்தான் தெரியும்” என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், “தாய்மாமன் இடத்துல வேற யாரையாச்சும் நிறுத்திருவாங்க” என்றார்.

ரேவதி துண்டுகளைக் கொடுத்து இரண்டு பேரைப் பைக்கில் விரட்டினாள். தங்கை வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டு வரச் சொன்னாள். ஒன்பது மணிக்குப் படப்பிடிப்பு தொடங்கியது. எல்லார் கைப்பேசியையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் வாங்கி வைத்துவிட்டார்கள். விருந்தாளி என்பதால் என்னுடையதை மட்டும் விட்டுவைத்தார்கள். எடுக்க வேண்டிய ஷாட் இதுதான்: சேற்றில் கிடக்கும் ராஜாங்கம் கண்ணைத் திறக்க வேண்டும், கிரேன் அவரை மேலே தூக்க வேண்டும், ஆறு அடியாட்கள் வாய்க்காலில் விழ வேண்டும். சினிமா ரத்தம் சர்க்கரைப் பாகில் செய்வதாம். எறும்பு மொய்த்தாலும் பிணம் சொறியக் கூடாது. அவர் எறும்பைக் கண்டுகொள்ளவேயில்லை. ஆனால் மூன்று முறையும் சொல்வதற்கு முன்பே கண்ணைத் திறந்து ரோட்டைப் பார்த்தார். “அண்ணே, பொணம் ரோட்டப் பாக்குதுண்ணே!” என்று இயக்குநர் மைக்கில் கெஞ்சினார்.

நான்காவது டேக்கை நானும் என் கைப்பேசியில் எடுத்துக்கொண்டிருந்தேன். 10.40 இருக்கும். கரைமேல் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பைக் அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே மல்லிகாவும் கணவரும் மாலை வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். அங்கிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அண்ணி இங்கே படப்பிடிப்பு பார்க்க வந்துவிட்டதால் வீடு பூட்டியிருந்தது. கூட்டம் மதகடியில் இருக்கிறது என்று யாரோ கைகாட்டியிருக்கிறார்கள்.

தலை கலைந்து, கையில் ரோஜா மாலையோடு அந்த அம்மா கரையிலிருந்து இறங்கி ஓடிவந்தார். “என்னப் பெத்த அண்ணே! ஒங்கிட்ட ஒரு வார்த்த பேசாம வுட்டுட்டனே!” என்று அவர் கதறிய கதறலில் அடியாட்கள் ஆறு பேரும் வழிவிட்டு நின்றார்கள். இயக்குநர் கட் சொன்னது யார் காதிலும் விழவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கைப்பேசியை நிறுத்தத் தோன்றவில்லை.

சேற்றிலிருந்து ராஜாங்கம் எழுந்து உட்கார்ந்தார்.

மல்லிகா மயங்கி விழுவார் என்று ரேவதி தாங்கப் போனாள். அவர் மயங்குகிற ஆளே இல்லை. அண்ணனை மேலும் கீழும் பார்த்தார், நெற்றி ரத்தத்தைத் தொட்டு மோந்து பார்த்தார். அப்புறம் கையிலிருந்த மாலையாலேயே அடிக்க ஆரம்பித்தார். “சக்கரத் தண்ணிய ஊத்திக்கிட்டுக் கெடக்கியா? உசுரு போயிருச்சே எனக்கு!” அடிக்கு ஒரு வசவு. ரோஜா இதழெல்லாம் வாய்க்காலில் மிதந்தது. ராஜாங்கம் தடுக்கவே இல்லை. “வந்துட்டியே புள்ள, வந்துட்டியே” என்று சிரித்தார், அழுதார், வெள்ளைப் பூச்சு கோடுகோடாய்க் கரைந்தது.

மூச்சு வாங்கி நின்ற மல்லிகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பத்திரிகைய நாளைக்குத்தான் அச்சுக்குக் குடுக்குறோம். தாய்மாமன்னு ஒம் பேரப் போடணும்ல? முன்னாடி ‘தெய்வத்திரு’ன்னு போடவா, வேணாமா?”

மொத்த யூனிட்டும் கைதட்டியது. இயக்குநர் அந்த இடத்திலேயே ஆவணிக் கல்யாணத் தேதியைக் கேட்டு, அந்த வாரம் படப்பிடிப்பு கிடையாது என்று எழுதிக்கொண்டார்.

ரேவதிக்குத் தொழில் புத்தி போகுமா? அடங்கின குரலில், என் வீடியோவைப் படத்தின் விளம்பரத்துக்குப் போடலாமா என்று மல்லிகாவிடம் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்து, “அழுதத அழிச்சுப்புடுங்க. அடிச்சத மட்டும் போட்டுக்குங்க” என்றார். அந்தப் பதினான்கு வினாடிதான் இப்போது உங்கள் எல்லார் கைப்பேசியிலும் சுற்றுகிறது.

போக விரும்புகிறவர்களுக்கு: திருநள்ளாற்றில் சனிக்கிழமை கூட்டம் நெரியும், ஞாயிறு காலை பரவாயில்லை. சுரக்குடிக்கு ஆட்டோ பேசும்போது திரும்பி வரவும் சேர்த்துப் பேசிவிடுங்கள், அங்கே நின்றால் வண்டி கிடைக்காது. மதகடியில் வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டாம். நேரமிருந்தால் திருநள்ளாற்றிலிருந்து காரைக்கால் கடற்கரைக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான், மாலையில் அரசலாறு கடலில் சேருகிற இடத்தில் உட்காரலாம். சாப்பாட்டுக்கு நான் எதுவும் சொல்ல முடியாது. மல்லிகா அன்று யூனிட் சாப்பாட்டை ருசி பார்த்துவிட்டு முகம் சுளித்து, என்னையும் ரேவதியையும் அம்பகரத்தூருக்கே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வஞ்சிர மீன் குழம்பு. நான்கு மணிப் பேருந்தை விட்டுவிட்டு 5.20க்குத்தான் ஏறினேன்.

பேருந்து கிளம்பும்போது அழுத பகுதியை அழிக்க எடுத்தேன். ரேவதியிடம் என் நம்பரை வாங்கி ராஜாங்கம் அழைத்தார். “அம்மா, தங்கச்சி சொன்னாப்புல அழிச்சுருங்க. அழிக்கிறதுக்கு முன்ன எனக்கு மட்டும் ஒருதரம் அனுப்பிருங்க” என்றார். அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அழித்தேன்.