இத்தாலிப் பொடி

என் வீட்டுக்காரர் இத்தாலி யுத்தத்திலிருந்து உயிரோடு வந்து சேர்ந்தார். கூடவே ஒரு சுருக்குப் பையும் வந்தது. அவர் வந்ததில் எனக்குச் சந்தோஷம். பை வந்ததில் இல்லை.

உள்ளங்கை அகலம்தான் இருக்கும். வெளுத்துப்போன கோடு போட்ட துணி, விளிம்பில் நீல நூலால் பொடிப்பொடியாகத் தையல். அது ஆம்பளை கை போட்ட தையல் இல்லை; அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. உள்ளே காய்ந்த இலைத் தூள். "யாரு குடுத்தா?" என்றேன். "இத்தாலியில குடுத்தாக" என்றார். இத்தாலி என்ன பக்கத்து வீடா, ஊர் பேரைச் சொன்னால் ஆள் தெரிவதற்கு? மேலே கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

அப்போது நாங்கள் பாலவனத்தத்தில் இருந்தோம். பட்டாளத்துக்குப் போகுமுன் அவர் விருதுநகரில் ஒரு பஞ்சுக் கம்பெனித் துரையின் பங்களாவில் குசினிக்காரர். அவர் வெங்காயம் வதக்கினால் வாசலில் நிற்கிற காவல்காரருக்கு வாய் ஊறும். பட்டாளத்திலும் கரண்டிதான் கொடுத்தார்கள். திரும்பி வந்தவரைப் பழைய துரையே கூப்பிட்டு அனுப்பினார். இவரோ "பாப்போம்" என்றார். மறுபடி ஆள் வந்தது, மறுபடியும் "பாப்போம்". நான் பருத்திக்காட்டில் கூலிக்குக் குனிந்துகொண்டிருந்தேன். எனக்கு எப்படி இருக்கும்?

இதற்கு நடுவில் அந்தப் பொடி. கம்பங்கூழில் ஒரு சிட்டிகை, ரசத்தில் ஒரு சிட்டிகை, மோரில்கூட. போடுவதற்கு முன் பையை மூக்குக்குக் கிட்டே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு அவர் நிற்கும்போது, நான் சட்டியைக் கொஞ்சம் ஓசையாகவே கீழே வைப்பேன்.

கடைசியில் பங்களாக் காவல்காரர் ஒரு சேதியோடு வந்தார். துரைக்கு ஒரு விருந்தாளி வருகிறாராம். இத்தாலியில் பட்டாள அதிகாரியாக இருந்தவராம். அந்த ஊர்ச் சாப்பாடு வேண்டுமாம். அடுத்த ஞாயிறுக்கு மறு ஞாயிறு வந்து ஆக்கிப் போட்டால் வேலை இவருக்கு. இல்லையென்றால் மதுரையிலிருந்து வேறு ஆள் வருகிறான். "அண்ணே, இதுக்கு மேல தொர பொறுக்க மாட்டாரு. நல்லா யோசிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"போறீகள்ல?" என்றேன்.

"பொடி தீந்துருச்சு புள்ள. அது இல்லாம எப்படி அந்தச் சாப்பாடு?"

எனக்கு வந்ததே கோபம்! "இலைதான அது? இத்தாலியில மொளைக்கிறது இங்க மொளைக்காதா? நான் செஞ்சு தாரேன், நீங்க போறீக" என்று பையைப் பிடுங்கிக்கொண்டேன்.

பையின் அடியில் நொறுங்காமல் மிஞ்சியிருந்த கொஞ்சத்தைச் சுளகில் கொட்டினேன். கோபத்தில்தான் உட்கார்ந்தேன். ஆனால் விரலால் பிரிக்கப் பிரிக்கக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரே இலை என்று நினைத்திருந்தது ஐந்தாறு தினுசு. பூண்டுத் துணுக்கும் மிளகாய்த் தோலும் பார்த்தவுடன் தெரிந்தன. கறுத்துச் சுருண்ட அகல இலை ஒன்றைக் கசக்கினேன். எங்கேயோ தெரிந்த வாசம்! இன்னொரு பொடி இலையில் ஓமத்தின் காரம். மூன்றாவது ஒன்று, சின்னஞ்சிறு வட்ட இலை. அதை முகர்ந்ததும் "அட!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அது என் தலையிலேயே இருந்த வாசம்.

சுளகை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பூக்கார அக்காவிடம் ஓடினேன். அந்த அக்கா அருப்புக்கோட்டைச் சந்தையில் சரக்கு வாங்கிவந்து, எங்கள் ஊர்ச் சாவடிப் பக்கம் கட்டி விற்பவள். முகர்ந்து பார்த்துவிட்டு, "இது நம்ம மருதான! மல்லியோட வச்சுக் கட்டுற மரு. இந்தக் கறுத்த இலை திருநீத்துப்பச்சை. மாலைக்குப் போடுவோம். எதுக்கு இத இப்படிக் காயவிட்ட?" என்றாள்.

"கொழம்புல போட."

"ஆத்தாடி! சாமி கழுத்துக்கும் பொம்பள கொண்டைக்கும் போறத எவளாச்சும் கொழம்புல போடுவாளா? புத்தி பெரண்டு போச்சா ஒனக்கு?"

"வெள்ளைக்காரன் போடுறான்க்கா."

"அவன் எதத்தான் திங்க மாட்டான்!" என்றாள். ஆனால் நான் திரும்புமுன் ஒரு மரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்று பார்த்ததை நான் கவனித்தேன். மென்றவள், மறுநாளைக்குக் கூடக் கொஞ்சம் மரு வாங்கி வருவதாகத் தானே சொன்னாள்.

ஓமக் காரத்துக்குக் கற்பூரவல்லி என்று முடிவு செய்தேன். ஊசி ஊசியாக ஒரு இலை இருந்தது. அதற்கு மட்டும் எங்கள் மண்ணில் ஜோடி கிடைக்கவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அங்க அது வேலிக்கு நிக்கும் புள்ள, நமக்குக் கிளுவை மாதிரி" என்றார். வேலியைக்கூட விட்டுவைக்காமல் பறித்துத் தின்றிருக்கிறார்கள் பாருங்கள். இத்தாலி எப்படி இருக்கும் என்று அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்த இலை இல்லாமலே ஒப்பேற்றிக்கொள்வது என்று வைத்துக்கொண்டேன்.

இனி காயப்போட வேண்டியதுதானே? எங்கள் பக்கத்தில் காயவைப்பதற்கா பஞ்சம்! வற்றல், மிளகாய், கருவாடு எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம், பாறை மேல் விரித்து உச்சி வெயிலைக் காட்டுவது. அப்படியே இலையையும் விரித்தேன். சாயங்காலம் அள்ளப் போனால் வைக்கோல்! நிறமும் இல்லை, மணமும் இல்லை. கற்பூரவல்லியோ தண்ணீர் விட்டு அழுகிக் கறுத்துக் கிடந்தது. வெயில் வாசத்தைக் குடித்துவிட்டுச் சக்கையைப் போட்டிருந்தது.

மறுதரம் வெயிலுக்கே காட்டவில்லை. அவருடைய வெள்ளை வேட்டியைக் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் விரித்து, இலையைப் பரப்பி, வாசல் கதவையும் பின்கதவையும் திறந்து வைத்தேன். கரிசல்காட்டுக் காற்று அனலாக உள்ளே புகுந்து போயிற்று. தொட்டால் நொறுங்குகிற பதம் சீக்கிரமே வந்தது. பச்சை நிறம் போகவில்லை. வீடே மணத்தது. கற்பூரவல்லியை விட்டுவிட்டு ஓமத்தையே லேசாக வறுத்து நுணுக்கிச் சேர்த்தேன். பூண்டையும் மிளகாயையும் காயவைத்துச் சேர்த்தேன். ஒவ்வொரு தரமும் பழைய பொடியை ஒரு கையிலும் புதுப் பொடியை மறு கையிலும் வைத்துக்கொண்டு முகர்வது, கூட்டுவது, குறைப்பது. இதே வேலையாக இருந்தேன். பை தைத்தவள் மேல் இருந்த எரிச்சல்கூட மறந்துபோயிற்று. 'இவ எந்தக் கணக்குல கலந்திருப்பா?' என்பதுதான் மனசெல்லாம் ஓடியது.

விருந்துக்கு முந்தின நாள் பொடி சரியாக வந்துவிட்டது. கம்பஞ்சோறும் தக்காளிக் குழம்பும் வைத்தேன். "மாடத்துல டப்பாவுல இருக்கு. போட்டுச் சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கொல்லையில் துணி அலசப் போனேன்.

திரும்பி உள்ளே வந்தபோது வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு! மாடத்தில் இரண்டு டப்பா இருந்தது. இரண்டும் அவர் கொண்டுவந்த பட்டாளத்துத் தகர டப்பா. ஒன்றில் இத்தாலிப் பொடி. இன்னொன்றில், பயறும் கிழங்கும் கூடக் கொஞ்சம் மருவும் போட்டு நான் தேய்த்துக் குளிக்க அரைத்து வைத்திருந்த பொடி. மனுஷன் குளிக்கிற பொடியைச் சோறு நிறையத் தூவிப் பாதி சாப்பிட்டு முடித்திருந்தார்.

"நல்லா நைஸா அரைச்சிட்ட" என்றார். "அச்சா அதே வாசம் புள்ள. ஒண்ணும் கொறை இல்ல."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஐயய்யோ! அது நான் தேச்சுக் குளிக்கிறது! ஒங்க மூக்குல என்ன, அடைப்பா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். அவர் சிரிக்கவில்லை. கை தட்டிலேயே இருந்தது. காதோரம் சிவந்துபோயிருந்தது.

முந்தின வாரம் பால் கருகி வீடெல்லாம் நாறியபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் அசையாமல் இருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"லாரி கவுந்துச்சு" என்றார். "தலையில அடி. ஆஸ்பத்திரியில எந்திரிச்சப்ப எல்லாம் சரியா இருந்துச்சு, வாசம் மட்டும் இல்ல. காரம் தெரியுது, உப்புத் தெரியுது. வாசம் ஒண்ணுமே இல்ல."

"அந்தப் பை?"

"அடிபடுறதுக்கு முந்தின நாளு ஒரு கெழவி குடுத்தா. அவ வீட்டுத் தொழுவத்துலதான் எங்க அடுப்பு. ஒரு பொட்டணம் உப்புக் குடுத்தேன், இதக் குடுத்தா. நான் கடைசியா மோந்த வாசம் அதான். தெனமும் தொறந்து பாக்கேன், வருதான்னு. மூக்கில்லாத சமையக்காரன எவன் வேலைக்கு வப்பான்?"

அழுகைதான் வந்தது. ஆனால் வாயில் வந்தது திட்டு. "கட்டுனவகிட்டச் சொல்றதுக்கு என்ன கேடு? நான் என்னென்னமோ நெனச்சு வெந்துக்கிட்டுக் கெடக்கேன்! மூக்குத்தான இல்ல? கை இருக்குல்ல? என் மூக்கு இந்தா இருக்கு. நாளைக்கு ரெண்டு பேருமாப் போறோம்" என்று தட்டைப் பிடுங்கி வேறு சோறு வைத்தேன்.

ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசை முடிந்ததும், கரி எரித்து ஓடுகிற கரி பஸ்ஸில் விருதுநகர் போனோம். பங்களாவில் "கூடமாட ஒத்தாசைக்கு வீட்ல வந்திருக்கு" என்றார். குழல் குழலான மாவுப் பண்டத்தை வேகப்போட்டுவிட்டு எண்ணெயைக் காயவைத்தார். அவர் கை ஒன்றையும் மறந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் வெங்காயத் தோலை உரிக்கிற பாவனையில் நின்று, "பூண்டு மணம் வந்திருச்சு", "வேணாம், இன்னும் தக்காளிப் பச்சை வாசம் போகல", "இப்ப" என்று காதோடு சொல்லிக்கொண்டே இருந்தேன். சொன்னபடி செய்தார். ஒருதரம்கூட என்னைத் திரும்பிக் கேட்கவில்லை.

கடைசியில் பொடி. உள்ளங்கையில் கசக்கித் தூவி மூடினார். கொஞ்சம் பொறுத்துத் திறந்தார். ஆவி எங்கள் இருவர் முகத்திலும் அடித்தது. இறக்கலாமா, இன்னும் கொதிக்க வேண்டுமா? அவர் கரண்டியோடு என் பக்கம் திரும்பினார்.

"எப்படி இருக்கு புள்ள வாசம்?"

நல்லா இருக்கு என்றால் அவருக்கு என்ன தெரியும்? இத்தாலி மாதிரி இருக்கு என்று சொல்ல நான் இத்தாலியைக் கண்டேனா? எனக்குத் தெரிந்ததைத்தானே நான் சொல்ல முடியும்.

"நம்ம கல்யாணத்தன்னைக்கு என் கொண்டையில மரு வச்சிருந்தாகல்ல, கோயில்ல நீங்க கிட்ட வந்து நின்னப்ப... அது."

கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டிக் கீழே வைத்தார்.

"அது எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். "அப்பச் சரி." சட்டியை இறக்கினார்.

மறுநாளிலிருந்து அந்தக் குசினிக்கு நாங்கள் இரண்டு பேருமாக வேலைக்குப் போனோம்.